வீரன் யார்? பெரியாற்றுத் தண்ணீரும் பென்னிகுயிக்கும்

   

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

இன்றைய பயானுக்குத் தலைப்புக் கொடுத்தது நம் தேவதானப்பட்டி மக்தப் மதரஸாவில் ஓதுகிற ஒரு சிறுவன். கம்பத்தில் இருக்கும் தன் நன்னா வீட்டுக்கு விடுமுறைக்குப் போய்விட்டு வந்தவன், பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து நின்றான். நன்னா வீட்டுச் சுவரில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் படம் மாட்டியிருக்கிறதாம். அவர் யார் என்று கேட்டதற்கு, அவரால்தான் நாம் சோறு சாப்பிடுகிறோம் என்று நன்னா சொன்னாராம். சோறு கொடுப்பவன் அல்லாஹ் என்றுதானே ஹஜ்ரத் நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள், பிறகு நன்னா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டான். நல்ல கேள்வி! எட்டு வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஜும்ஆவில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதனால்தான் இந்த வாரம் இந்தத் தலைப்பு.

அந்தப் படத்தில் இருப்பவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டீக்கடையில் அவர் படம் இருக்கிறது. வயல்காரர் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் இருக்கிறார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டி 2013-ல் திறந்தது. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்றைக்குப் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி செய்வதில் நாம் தலையிடுவதில்லை. நமக்கு மார்க்கம் சொல்லித்தந்த முறை வேறு. மாலை போடுவதும் விளக்கு ஏற்றுவதும் நம் வழியில் இல்லை. ஆனால் நன்றி மறப்பதும் நம் வழியில் இல்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நாம் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நபிபோதனை அல்லவா?

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளிடம் வீரன் யார் என்று கேட்டால் யாரைச் சொல்கிறார்கள்? சினிமாவில் பத்துப் பேரை ஒரே அடியில் சாய்க்கிறவரைச் சொல்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அரபியருக்கு வீரன் என்றால் மல்யுத்தத்தில் ஆளைக் கீழே தள்ளுகிறவன். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த அர்த்தத்தையே மாற்றினார்கள். கோபம் வரும்போது தன்னை அடக்கி ஆள்கிறவனையே பலசாலி என்று காட்டினார்கள். அப்படியென்றால் வீரம் போர்க்களத்தில் மட்டும் இல்லை. வீட்டில் இருக்கிறது, கடையில் இருக்கிறது, நாம் கூலி வாங்குகிற வேலையில் இருக்கிறது. இந்தக் கண்ணோடு அந்த வெள்ளைக்காரரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15, புனே நகரில். தகப்பனார் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். ஆங்கிலப் படையில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் கடுமையான சண்டை நடந்தது. அதில் தகப்பனார் விழுந்தார். அதே களத்தில், அதே நாளில், படையில் புதிதாகச் சேர்ந்திருந்த மூத்த சகோதரர் அலெக்சாண்டரும் விழுந்தார். அவருக்குப் பதினேழு வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் பென்னிகுயிக்குக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள் இருந்தது. தகப்பனும் அண்ணனும் ஒரே நாளில் போய், அந்தப் பையன் யதீம் ஆனான். யதீமின் தலையைத் தடவிக்கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அந்த வயதில் அந்த இழப்பு என்ன செய்யும் என்று இந்தச் சபையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பையன் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் படித்தான். பிறகு அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ராணுவக் கல்லூரியில் பயிற்சி. 1858-ல் மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860-ல் இந்தியா வந்தார். 1868-ல் அபிசீனியாவுக்கு, அதாவது நம் நஜ்ஜாஷி மன்னர் ஆண்ட அந்த ஹபஷா நாட்டுக்கு, ஆங்கிலப் படை போனபோது அதோடு அவரும் போனார். இதையெல்லாம் நான் மறைக்காமல் சொல்கிறேன். அவர் நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்த அரசின் சம்பளக்காரர். ஏழைகள் மீது இரக்கப்பட்டு அந்த அரசு அவரை இங்கே அனுப்பவில்லை. வயல் விளைந்தால்தான் வரி வரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நன்மையைச் சொல்லும்போது உண்மையை விட்டுவிட்டால், அது புகழ்ச்சி ஆகுமே தவிர நீதி ஆகாது.

இப்போது நம் பக்கத்து நிலவரத்துக்கு வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் வருடத்துக்கு இரண்டு பருவமழை கொட்டுகிறது. பெரியாறு நிரம்பி ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மலையின் இந்தப் பக்கம் மழை மறைவுப் பூமி. வைகை என்ற பெயர் பெரியது, தண்ணீர் சிறியது. நல்ல வருடத்தில் மட்டும் ஓடும், மற்ற வருடத்தில் மணல்தான். 1876-லிருந்து 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமை மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர்கள் சொல்லி வந்தார்கள். இன்னும் சில வீடுகளில் அந்தப் பேச்சு இருக்கிறது.

அந்தப் பக்கம் வீணாகும் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன? இந்த யோசனை பென்னிகுயிக்குடையது அல்ல. இதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதி அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்திருக்கிறார். செலவு தாங்காது என்று விடப்பட்டது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலேயர் வந்து பார்த்துவிட்டு, நடக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1850-ல் ஒரு சிறிய மண் அணை கட்டத் தொடங்கினார்கள். காட்டின் நோயைத் தாங்க முடியாமல், கூலி கட்டுப்படியாகாமல் அதுவும் நின்றது. 1862-க்குப் பிறகு ரைவ்ஸ் என்ற அதிகாரி ஒரு திட்டம் போட்டார். அது காகிதத்திலேயே இருந்தது. பஞ்சம் வந்து போன பிறகுதான் அரசு விழித்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1884-ல் ஒப்புதல் கிடைத்தது.

ஆக, பலரும் ஆசைப்பட்டு, அளந்து பார்த்து, கைவிட்ட ஒரு வேலையை அவரிடம் கொடுத்தார்கள். கொடுத்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், 999 வருடங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பற்றி இன்றைக்கு இரண்டு மாநிலங்களுக்கும் நடக்கும் வழக்குகளை நான் மிம்பருக்குப் பக்கத்தில் நின்று பேசப் போவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் நம் சகோதரர்கள்தான், அவர்களுக்கும் பயம் இருக்கிறது, நமக்கும் தேவை இருக்கிறது. அதை நீதிமன்றம் பார்க்கும்.

1887-ல் வேலை தொடங்கியது. எப்படிப்பட்ட இடம் என்று யோசியுங்கள். சாலை இல்லாத அடர்ந்த காடு. யானைகள் திரிகிற இடம். ரயில் அம்மையநாயக்கனூர் வரைக்கும்தான். இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோமே அந்த நிலையம். அங்கிருந்து மலையடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டி. வத்தலக்குண்டைத் தாண்டி மேற்கே போகிற அந்தப் பாதையில்தான் நம் தேவதானப்பட்டி இருக்கிறது. நம் ஊரின் வயல்கள் மஞ்சளாற்றில் பாய்கின்றன, பெரியாற்றுத் தண்ணீர் நமக்கு நேராக வருவதில்லை. ஆனாலும் அந்த அணைக்குப் போன பாரத்தில் கொஞ்சம் நம் ஊர் வழி மாடுகளும் இழுத்திருக்கும். மலையடிவாரத்திலிருந்து மேலே சாமான்களைக் கொண்டுபோகக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். முதலில் மதராஸ் பயனியர் படையின் இரண்டு பட்டாளங்கள் காட்டைத் திருத்தின. கொச்சியிலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து கூலியாட்கள் போனார்கள்.

அணை என்றால் இன்றைக்கு நாம் பார்க்கிற சிமென்ட் அணை அல்ல. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. அதைச் சுண்ணாம்போடு அரைத்துக் கட்டினார்கள். அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம், 1200 அடி நீளம். அணை ஆற்றைத் தடுக்கும். தண்ணீர் மட்டம் உயரும். உயர்ந்த தண்ணீர் தேக்கடியில் வெட்டிய வாய்க்காலில் ஏறி, மலையைக் குடைந்து சுமார் ஒரு மைல் நீளத்துக்குப் போட்ட சுரங்கத்தில் புகுந்து, இந்தப் பக்கம் வைரவனாற்றில் விழும். அங்கிருந்து சுருளியாறு, பிறகு வைகை. மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிவிடும். மேலிருந்து கீழே தானாகவே ஓடும்படி அளவு போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில், கையால் அளந்து, இந்தக் கணக்கு தப்பாமல் போட்டது சாதாரண வேலையா?

சுரங்கம்கூடப் பரவாயில்லை, கல்லைக் குடைந்தால் குடைந்தபடி நிற்கும். ஆறுதான் சோதித்தது. ஓடுகிற ஆற்றின் நடுவில் அடித்தளம் போட வேண்டும். அதற்காக ஆற்றை மறித்து தற்காலிகத் தடுப்புகள் போடுவார்கள். வெள்ளம் வரும், தடுப்பை அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி போடுவார்கள். மறுபடி போய்விடும். ஒரு முறை அல்ல, பல முறை. மாதக்கணக்கில் பட்ட பாடு ஒரே இரவில் போகும். இத்தோடு மலேரியாக் காய்ச்சல், காலரா.

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோன மறுநாள் காலையில் அந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு முன்னால் வந்தவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், இது நடக்காது என்று ஒரு கடிதம் எழுதிவிட்டுச் சமவெளிக்கு இறங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பளம் நின்றிருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. வெள்ளம் போனதும் தடுப்பு மறுபடி எழுந்தது. வீரம் என்று நான் சொல்வது அந்த மறுநாள் காலையைத்தான். அதில் கைதட்டல் இல்லை. பார்க்க ஆள் இல்லை. சகதியும் காய்ச்சலும் கணக்கு நோட்டும்தான்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் கதைக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அரசு பணம் தர மறுத்துவிட்டது, பென்னிகுயிக் இங்கிலாந்து போய்ச் சொத்தை விற்று, மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று மேடையில் சொல்கிறார்கள், பாடப்புத்தகம் போலப் பரவியிருக்கிறது. நானும் பல வருடங்களுக்கு முன் ஒரு பயானில் இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! ஏனென்றால் அதற்கு ஆதாரமான ஆவணம் எதையும் இதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. வரலாற்று ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள். அணைக்கான செலவு, 80 லட்சம் ரூபாய்க்கு மேல், அரசின் கணக்கில் எழுதப்பட்ட செலவு.

சகோதரர்களே! நம் மார்க்கம் சனதின் மீது நிற்கிறது. ஒரு ஹதீஸ் வந்தால் யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பகமானவரா என்று கேட்டுக் கேட்டுத்தான் இமாம் புகாரி போன்றவர்கள் ஏற்றார்கள். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். நபியின் பேரிலேயே வந்த செய்தியைச் சலித்துப் பார்த்த உம்மத், ஒரு பொறியாளர் பேரில் வந்த செய்தியைச் சலிக்காமல் விழுங்கலாமா? அழுகை வருகிறது என்பதற்காக ஒரு செய்தி உண்மை ஆகிவிடாது. வாட்ஸ்அப்பில் வருகிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கதை நமக்கு வசதியாக இருக்கிறது. சொத்தை விற்றவர்தான் வீரர் என்றால், சொத்தை விற்காத நான் தப்பித்தேன்! விற்கச் சொத்தே இல்லாதவனும் தப்பித்தான்! கதையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் என்ன? சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், பாதியில் விடவில்லை. இப்போது யாரும் தப்பிக்க முடியாது. நானும் சம்பளம் வாங்குகிறேன், நீங்களும் வாங்குகிறீர்கள்.

வேலையின் தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மனதில் கிடக்கிறது. நான் முன்பு இமாமத் செய்த ஓர் ஊரில், ஜமாஅத் பணத்தில் புதிதாக ஹவுல் கட்டினோம். கட்டியவர் நல்ல தொழுகையாளி, ஊரில் மரியாதைப்பட்டவர். பெயர் வேண்டாம். ஆறு மாதத்தில் ஹவுல் ஒழுக ஆரம்பித்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கலவை கையால் உதிர்ந்தது. சிமென்ட் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. தொழுகிறவர் கட்டிய தொட்டி ஆறு மாதம் நின்றது. அந்த வெள்ளைக்காரர் கட்டிய சுண்ணாம்புச் சுவர், பின்னால் வந்தவர்கள் பலப்படுத்தியும் பார்த்துக்கொண்டும், 1895-லிருந்து நின்றுகொண்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தப் பயானுக்கு அர்த்தம் இல்லை. ஒரு வேலையைச் செய்தால் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்று ஹதீஸ் ஓதுகிறோம். அமானத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். கலவையில் அது கலக்கவில்லையே!

1895 அக்டோபரில் மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபு அணையின் தண்ணீரைத் திறந்துவைத்தார். அதே வருடம் பென்னிகுயிக்குக்கு அரசுப் பட்டம் கிடைத்தது. மறு வருடம் பணி ஓய்வு. பிறகு இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்திலிருந்த இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக 1899 வரை இருந்தார். பெரியாற்றுத் திட்டத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பொறியாளர் சங்கம் டெல்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. 1899-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை கேட்டு அழைத்தார்கள், போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளத்தைப் பற்றி அவரை விட யாரிடம் கேட்பது!

1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் இறந்தார். பக்கத்தில் ஃபிரிம்லி என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். மனைவி கிரேஸ். ஐந்து பெண்கள், கடைசியில் ஒரே மகன். தகப்பன் இறந்தபோது அந்த மகனுக்குப் பதினொரு வயது. ஏழு வயதில் யதீம் ஆனவர், பதினொரு வயதில் ஒரு மகனை யதீமாக விட்டுப் போனார். அந்தப் பையன் பின்னாளில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். 2022-ல் கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு பென்னிகுயிக்குக்குச் சிலை வைத்தது. சிலை நமக்கு ஏற்புடையது அல்ல, விட்டுவிடுங்கள். ஆனால் தான் செத்து நூறு வருடம் கழித்து, தான் விட்டுவிட்டு வந்த ஒரு பள்ளத்தாக்கின் ஆட்கள் தன் ஊரைத் தேடி வருவார்கள் என்று அவர் நினைத்திருப்பாரா?

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அதையும் தாண்டி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை இந்தத் தண்ணீர் போகிறது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நம் ஆட்களின் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் இதுதான். அந்த வயலில் விளைந்ததிலிருந்து ஜகாத்தும் உஷ்ரும் கொடுத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

தண்ணீர் கொடுத்தவர்களை நம் வரலாறு மறந்ததே இல்லை. மதீனாவில் நல்ல தண்ணீருக்குத் தவித்தபோது, ரூமா கிணற்றை விலை கொடுத்து வாங்கி எல்லோருக்கும் பொதுவாக விட்டவர்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். தாய் இறந்த துக்கத்தில் என்ன தர்மம் செய்யட்டும் என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரைத்தான் காட்டினார்கள். அவர் கிணறு வெட்டினார். ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டினார்கள்; ஹாஜிகள் பல நூற்றாண்டு அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். இவர்கள் ஈமானோடும் நிய்யத்தோடும் செய்தவர்கள். பென்னிகுயிக்கை இந்த வரிசையில் உட்கார வைக்க நான் சொல்லவில்லை. அவருடைய மறுமைக் கணக்கு அல்லாஹ்விடம். நம் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒரு எண் என்னை விடவில்லை. 483.

அணை கட்டும்போது நோயில் இறந்தவர்களின் எண்ணிக்கை அது. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களில் பலரை அடக்கம் செய்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய படம் டீக்கடையில் இருக்கிறது? ஒருவருடையதும் இல்லை. மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய், கொச்சித் தச்சர், சுண்ணாம்பு அரைத்த பெண், கம்பத்திலிருந்து கூலிக்குப் போன ஆள். காய்ச்சல் வரும் என்று தெரியும். 1850-ல் அதே காட்டிலிருந்து ஓடி வந்தவர்களின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் போனார்கள். பஞ்சத்தைப் பார்த்த வயிறு அவர்களை மலை ஏற்றியது. அவர்களில் முஸ்லிம்கள் எத்தனை, இந்துக்கள் எத்தனை, கிறிஸ்தவர்கள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. மேலே இருந்தவருக்குப் பட்டமும் பதக்கமும் வந்தன. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் கல் சுமந்தவனுக்குக் கிடைத்தது அந்தக் காட்டில் ஆறடி மண். அவர்கள் வீரர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மனிதர்கள் எழுதாத பெயரை அல்லாஹ் அறிவான்.

நம் வீட்டிலும் இப்படி எழுதப்படாத பெயர்கள் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு மதகு முறைக்காக டார்ச் லைட்டோடு வயலுக்குப் போன அத்தாக்கள். கணவன் சவூதியில் இருக்க, நான்கு பிள்ளைகளையும் மாமியாரையும் தனியாகப் பார்த்துக்கொண்ட அம்மாக்கள். நம் பள்ளிக்கு அதிகாலையில் வந்து, யாரும் வருவதற்கு முன் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறாரே ஒரு பெரியவர், அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால்தான் நமக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி, அந்தச் சிறுவனுக்குப் பதில். மகனே, நீ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய், பார்க்கிறேன். சோறு கொடுப்பவன் அல்லாஹ்தான். உன் நன்னா தப்பாகச் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். மழையை இறக்கியவன் அல்லாஹ். அதை மலைக்கு இந்தப் பக்கம் திருப்ப ஒரு மனிதருக்கு அறிவும் பிடிவாதமும் கொடுத்தவன் அல்லாஹ். கல் சுமக்க ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தோள் கொடுத்தவன் அல்லாஹ். உழ உன் நன்னாவுக்குக் கை கொடுத்தவனும் அவன்தான். அடுத்த முறை கம்பம் போகும்போது உன் நன்னாவிடம் அந்த 483 பேரைப் பற்றியும் சொல். தேக்கடிக்குக் கூட்டிப்போகச் சொல், தண்ணீர் சுரங்கத்துக்குப் போகிற வழியைக் காட்டச் சொல்.

பயான் முடிகிற நேரத்தில் ஒரு அறிவிப்பு. ஒளு செய்கிற இடத்தில் இடது பக்கம் மூன்றாவது குழாய் போன மாதத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்த நபியின் உம்மத் நாம். யாரோ சரி செய்வார்கள் என்று எல்லோரும் தாண்டிப் போகிறோம், நானும்தான். பிளம்பிங் தெரிந்த தம்பி யாராவது தொழுகை முடிந்ததும் என்னைப் பாருங்கள், வாஷர் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அரபி குத்பாவுக்கு நேரம் ஆகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.